போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு ரெக்ரெஷன் டெஸ்ட்: ஓட்டுவதும் எழுதுவதும்

நேற்று சரியான பதில் தந்த குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இன்றும் அதே பதிலைத்தான் தருகிறதா? ரெக்ரெஷன் டெஸ்ட் கேட்பது இதை மட்டும்தான். ஆனால் ஒரு டேட்டாபேஸ் சர்வரில் ‘அதே பதில்’ என்றால் எது என்று வரையறுப்பதற்குள் பாதி வேலை போய்விடும். வரிசை மாறி வந்தால் அதே பதிலா? பிழைச் செய்தியில் ஒரு சொல் மாறினால்? கடைசித் தசம இலக்கம் மட்டும் வேறாக இருந்தால்?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி பழையது, எளியது. குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு ஃபைலை ஓட்டு. வந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் எழுது. ஏற்கெனவே சரிபார்த்து வைத்த ஃபைலோடு வரி வரியாக ஒப்பிட்டு டிஃப் போடு. வேறுபாடு இல்லையென்றால் பாஸ். இந்த எளிமையால்தான் சர்வரின் உள்கட்டமைப்பே தெரியாத ஒருவரும் முதல் நாளிலேயே ஒரு டெஸ்ட் எழுதிவிட முடிகிறது. அதே எளிமையால்தான் தவறான டெஸ்ட்டும் சுலபமாக உள்ளே நுழைந்துவிடுகிறது. இரண்டையும் பார்ப்போம்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பில்ட்

பில்ட் என்பது சோர்ஸ் கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது. ஒரு லினக்ஸ் மெஷின், ஜிசிசி, பைசன், ஃப்ளெக்ஸ், பெர்ல், ரீட்லைன், ஸீலிப் இருந்தால் போதும். 16ஆம் பதிப்பிலிருந்து எழுத்து வரிசைக்கான ஐசியூ லைப்ரரியையும், பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தேடும். வேண்டாமென்றால் ‘--வித்அவுட்-ஐசியூ’ கொடுங்கள்.

கான்ஃபிகர் செய்யும்போது மூன்று ஆப்ஷன்களை மறக்காதீர்கள்: ‘--எனேபிள்-டீபக்’, ‘--எனேபிள்-கேஸர்ட்’, ‘--எனேபிள்-டேப்-டெஸ்ட்ஸ்’. இவற்றில் நடுவில் இருப்பதுதான் முக்கியம். ‘இந்த இடத்தில் இந்த பாயின்டர் வெறுமையாக இருக்கவே கூடாது’ என்பது போன்ற உறுதிமொழிகள் சர்வர் கோடில் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. சாதாரண பில்டில் அவை அணைந்து கிடக்கும். கேஸர்ட் போட்டு பில்ட் செய்தால் ஒவ்வொன்றும் ஓட்டத்தின்போது சரிபார்க்கப்படும். சர்வர் மெதுவாகும்தான். ஆனால் குவெரியின் பதில் சரியாக வந்து, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கும் நிலையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கேஸர்ட் இல்லாமல் ஓடிப் பாஸான டெஸ்ட்டை நான் பாதிப் பாஸாகத்தான் கணக்கில் எடுப்பேன்.

எல்லாவற்றையும் சாதாரண யூஸராகச் செய்யுங்கள். ரூட்டாக இருந்தால், டேட்டா டைரக்டரியை உருவாக்கும் இனிட்டிபி வேலை செய்ய மறுத்துவிடும்.

முதல் ஓட்டம்

பில்ட் முடிந்ததும் சோர்ஸின் மேல் ஃபோல்டரில் நின்று ‘மேக் செக்’ என்று தட்டுங்கள். திரையில் வரி வரியாக ‘ஓகே’ ஓடும். என் லேப்டாப்பில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதைத் தெரிந்துவைத்திருந்தால் பிற்பாடு ஏதாவது உடையும்போது எங்கே தேடுவது என்று தடுமாற மாட்டீர்கள்.

முதலில் நீங்கள் பில்ட் செய்த சர்வர் ஒரு தற்காலிக ஃபோல்டரில் இன்ஸ்டால் ஆகிறது. பிறகு ‘பிஜி_ரெக்ரெஸ்’ என்ற புரோகிராம் அங்கே புதிதாக ஒரு டேட்டா டைரக்டரி உருவாக்கி, சர்வரைக் கிளப்பி, ‘ரெக்ரெஷன்’ என்ற பெயரில் ஒரு டேட்டாபேஸ் போடுகிறது. உங்கள் மெஷினில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸை இது தொடாது. தனி சாக்கெட், தனி ஃபோல்டர். அடுத்து ‘பேரலல்_ஷெட்யூல்’ என்ற ஃபைலைப் படிக்கிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு குழு. ஒரு குழுவில் இருக்கும் டெஸ்ட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். குழு முடிந்த பிறகே அடுத்த குழு. ஒரு குழுவில் 20 டெஸ்ட்டுக்கு மேல் வைப்பதில்லை என்பது வழக்கம். 20 டெஸ்ட் என்றால் 20 கிளையன்ட், 20 சர்வர் பிராசஸ். உங்கள் கணக்கில் அவ்வளவு பிராசஸுக்கு அனுமதி இல்லையென்றால் ‘மேக்ஸ்_கனெக்ஷன்ஸ்=10’ என்று சேர்த்து ஓட்டுங்கள்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் எஸ்க்யூஎல் ஃபோல்டரில் ஒரு ஃபைல் உண்டு. சர்வருக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராமான பிஎஸ்க்யூஎல் அதை வாங்கி, ஒவ்வொரு கட்டளையையும் அதன் விடையையும் பிழைகளையும் சேர்த்து ‘ரிசல்ட்ஸ்’ ஃபோல்டரில் எழுதுகிறது. அதே பெயரில் ‘எக்ஸ்பெக்டட்’ ஃபோல்டரில் இருக்கும் ஃபைலோடு ஒப்பிடுவது கடைசி வேலை. இவை எல்லாம் சோர்ஸில் ‘எஸ்ஆர்சி/டெஸ்ட்/ரெக்ரெஸ்’ என்ற இடத்தில் இருக்கின்றன. டெஸ்ட்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டும்.

பிஜி_ரெக்ரெஸ் சத்தமில்லாமல் செய்யும் இன்னொரு வேலை உண்டு. நேர மண்டலத்தை அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்துக்கும், தேதி வடிவத்தை மாதம்-நாள்-ஆண்டு என்ற வரிசைக்கும் மாற்றிவைத்துவிடும். சென்னையில் ஓட்டினாலும் பெர்லினில் ஓட்டினாலும் தேதி டெஸ்ட் ஒரே விடை தருவது இதனால்தான். பெர்க்லியில் பிறந்த புரோகிராம். அந்த ஊர் நேரம் இன்றுவரை அதன் டெஸ்ட்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முழுத் தொகுப்பும் வேண்டாம், ஒன்றிரண்டு மட்டும் ஓட்ட வேண்டும் என்றால் ரெக்ரெஸ் ஃபோல்டருக்குள் போய் ‘மேக் செக்-டெஸ்ட்ஸ் டெஸ்ட்ஸ்="டெஸ்ட்_செட்அப் பூலியன்"’ என்று கொடுங்கள். டெஸ்ட்_செட்அப்பை முதலில் வைப்பது அவசியம். பல டெஸ்ட்கள் பொதுவில் பயன்படுத்தும் டேபிள்களை அதுதான் உருவாக்குகிறது. அவற்றில் ‘டென்கே1’ என்ற 10,000 வரி டேபிளை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். விஸ்கான்சின் பென்ச்மார்க்கிலிருந்து வந்த டேபிள் அது. ஒரு டெஸ்ட்டைத் தனியாக ஓட்டும்போது ‘இப்படி ஒரு டேபிளே இல்லை’ என்று பிழை வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

16ஆம் பதிப்பு முதல் மெசான் என்ற பில்ட் கருவியிலும் பில்ட் செய்யலாம். அங்கே ‘மெசான் டெஸ்ட்’ என்பதுதான் கட்டளை. விடைகள் பில்ட் ஃபோல்டருக்குள் ‘டெஸ்ட்ரன்’ என்ற இடத்தில் சேரும். மற்றபடி முறை ஒன்றே.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேல் ஓட்டுவது

‘மேக் இன்ஸ்டால்செக்’ என்பது தற்காலிக சர்வர் எதையும் கிளப்பாது. ஏற்கெனவே ஓடும் சர்வரோடு இணைந்து அதன் மேலேயே டெஸ்ட்களை ஓட்டும். வேறு போர்ட் என்றால் ‘பிஜிபோர்ட்’ சூழல் மாறியைப் போட்டுக்கொள்ள வேண்டும். செட்டிங் எதையாவது மாற்றிவைத்து, அந்த நிலையில் டெஸ்ட்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க இது உதவும்.

உண்மையான டேட்டா இருக்கும் சர்வரில் இதை ஒருபோதும் ஓட்டாதீர்கள். டெஸ்ட்கள் சூப்பர்யூஸராக ஓடுகின்றன. ‘ரெக்ரெஷன்’ என்ற டேட்டாபேஸ் அங்கே இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகின்றன. ரோல், டேபிள்ஸ்பேஸ் போன்றவை சர்வர் முழுக்கத் தெரியும்படி உருவாகி மறைகின்றன. அவற்றின் பெயர்கள் ‘ரெக்ரெஸ்_’ என்று தொடங்கும் என்பது மட்டுமே உங்களுக்கும் விபத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி.

ஃபெயில் ஆனால்

டெஸ்ட் தவறினால் இரண்டு ஃபைல்கள் உருவாகும். ‘ரெக்ரெஷன்.அவுட்’ எது பாஸ், எது ஃபெயில் என்ற பட்டியல். ‘ரெக்ரெஷன்.டிஃப்ஸ்’ என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. மைனஸ் குறியோடு வருபவை எதிர்பார்த்த வரிகள். பிளஸ் குறியோடு வருபவை இப்போது வந்தவை.

மேலிருந்து படியுங்கள். முதல் வேறுபாடுதான் காரணம். கீழே இருக்கும் நூறு வேறுபாடுகள் பெரும்பாலும் அதன் விளைவுகள். ஒரு ‘கிரியேட் டேபிள்’ தவறினால் அதன் பிறகு அந்த டேபிளைத் தொடும் ஒவ்வொரு வரியும் தவறும். பிஎஸ்க்யூஎல் ‘எக்ஸிட் கோட் 2’ என்று வெளியேறியிருந்தால் டிஃப்பில் நேரத்தைச் செலவிட வேண்டாம்: சர்வரோடு இருந்த இணைப்பு அறுந்திருக்கிறது. ‘லாக்’ ஃபோல்டரில் போஸ்ட்மாஸ்டர் லாக்கைத் திறந்து ‘சிக்னல்’ என்று தேடுங்கள். 11 என்றால் தவறான நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன உறுதிமொழிகளில் ஒன்று பொய்த்திருக்கிறது. எந்த ஃபைலில் எந்த வரி என்பதும் லாக்கிலேயே இருக்கும்.

உங்கள் திருத்தத்தின் மேல் பழி போடுவதற்கு முன், திருத்தம் இல்லாத சோர்ஸிலும் அதே டெஸ்ட் ஃபெயில் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் காரணம் சூழலில் இருக்கிறது. ‘இன்ஃபினிட்_ரெகர்ஸ்’ டெஸ்ட்டில் முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் சர்வர் விழுந்தால், உங்கள் மெஷின் ஒரு பிராசஸுக்குத் தரும் ஸ்டாக் அளவு சர்வரின் ‘மேக்ஸ்_ஸ்டாக்_டெப்த்’ செட்டிங் நினைப்பதைவிடச் சிறியது என்று பொருள். மிதவைப் புள்ளி எண்களில் கடைசி இலக்கம் மாறினால் கம்பைலரையும் பிராசஸரையும் பார்க்க வேண்டும்.

எழுத்துகளின் வரிசை மாறினால் காரணம் லொகேல், அதாவது மொழி வழக்குக்கான செட்டிங். தமிழ் டேட்டா வைத்து டெஸ்ட் எழுதுகிறவர்கள் இதில் நிச்சயம் ஒருமுறையாவது விழுவார்கள். ‘கப்பல்’, ‘கனி’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அகரவரிசையில் னகரம் மெய்களின் கடைசியில் வருவதால் ‘கப்பல்’ முன்னால் நிற்கும். ஆனால் யூனிகோட் அட்டவணையில் ‘ன’ நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே இடம்பெற்றிருக்கிறது. ‘சி’ லொகேல் பைட்டைப் பைட்டோடு ஒப்பிடுவதால் அங்கே ‘கனி’தான் முதலில் வரும். ஒரே குவெரி, ஒரே டேட்டா, இரண்டு மெஷினில் இரண்டு வரிசை. டெஸ்ட் பார்க்க வந்தது அகரவரிசையை அல்ல என்றால், ‘ஆர்டர் பை’யோடு ‘கொலேட் "சி"’ சேர்த்துவிடுங்கள். எந்த மெஷினிலும் மாறாது.

சில வேறுபாடுகள் நியாயமானவை. இரண்டு விடையுமே சரி. அதற்காக எக்ஸ்பெக்டட் ஃபோல்டரில் ஒரே டெஸ்ட்டுக்குப் பெயரின் கடைசியில் ‘_1’, ‘_2’ என்று எண்ணிட்ட மாற்று ஃபைல்களை வைக்கலாம். எதனோடு பொருந்தினாலும் பாஸ். இதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். பிற்பாடு அந்த டெஸ்ட்டில் ஒரு வரி சேர்ப்பவர் மாற்று ஃபைல்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு அவருடைய மெஷினில் உருவாக்கவே முடியாத விடைகளாக இருக்கும்.

சொந்த டெஸ்ட் எழுதுவது

சர்வருக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனில் (சர்வரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுதி) கைபழகுவது நல்லது. நான் எழுதிய ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 12345678 என்ற எண்ணைக் கொடுத்தால் நம் வழக்கப்படி 1,23,45,678 என்று லட்சம், கோடிக் கணக்கில் கமா போட்டு எழுத்தாகத் தரும் ஃபங்ஷன். கடைசி மூன்று இலக்கத்துக்கு முன் ஒரு கமா, அதன் பிறகு இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒன்று. நாற்பது வரிக் கோட்.

எக்ஸ்டென்ஷனின் மேக்ஃபைலில் ‘ரெக்ரெஸ் = கமா’ என்று ஒரு வரி சேருங்கள். எஸ்க்யூஎல் ஃபோல்டரில் ‘கமா.எஸ்க்யூஎல்’, எக்ஸ்பெக்டட் ஃபோல்டரில் ‘கமா.அவுட்’ என்று காலியான ஃபைல் ஒன்று. சர்வர் சோர்ஸுக்கு வெளியே எழுதும் இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன்களுக்கு ‘மேக் செக்’ கிடையாது. முதலில் ‘மேக் இன்ஸ்டால்’, பிறகு ‘மேக் இன்ஸ்டால்செக்’. ‘கான்ட்ரிப்_ரெக்ரெஷன்’ என்ற டேட்டாபேஸில் ஓடும். எக்ஸ்பெக்டட் காலியாக இருப்பதால் முதல்முறை ஃபெயில் ஆகும்; அப்படித்தான் ஆக வேண்டும். ரிசல்ட்ஸ் ஃபோல்டரில் வந்திருக்கும் ஃபைலைத் திறந்து படித்து, ஒவ்வொரு வரியும் சரி என்று தெரிந்த பிறகு அதை எக்ஸ்பெக்டட்டுக்குக் காப்பி செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். நேர் எண்களின் விடைகளைக் கவனமாகப் படித்தேன். எதிர்ம எண்களில் முதல் இரண்டு, மைனஸ் 1000க்கு -1,000 என்றும் மைனஸ் 1,00,000க்கு -1,00,000 என்றும் சரியாக இருந்தன. மிச்சத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காப்பி செய்தேன். இரண்டு வரி கீழே மைனஸ் 500க்கு ‘-,500’ என்று வந்திருந்தது. அதன் பிறகு மூன்று மாதம் அந்த டெஸ்ட் ஒவ்வொரு நாளும் பாஸ் ஆனது. தவறான விடையைச் சரியான விடை என்று நானே சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கணக்கு அறிக்கையைப் படித்த ஒருவர் ‘இது என்ன, மைனஸுக்குப் பக்கத்தில் கமா?’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

காரணத்தைப் பார்த்தால் டெஸ்ட் மதிப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் புரியும். என் கோட் மைனஸ் குறியையும் ஓர் இலக்கமாக எண்ணியது. மைனஸ் 1000இல் கடைசி மூன்று போக மிஞ்சுவது ‘-1’. இரண்டு எழுத்து, ஒரு ஜோடி, கமா சரியான இடத்தில் விழுந்துவிட்டது. மைனஸ் 10,000இல் மிஞ்சுவது ‘-10’. ‘10’ ஒரு ஜோடியாகி மைனஸ் தனித்து நின்று தனக்குப் பின்னால் ஒரு கமா வாங்கிக்கொண்டது. ஆக, இலக்கங்களின் எண்ணிக்கை நான்கு, ஆறு, எட்டு என்றால் சரி. மூன்று, ஐந்து, ஏழு என்றால் தவறு. ‘சில எதிர்ம எண்கள்’ என்று மனம் போன போக்கில் எடுத்தால் பக் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். விதி மாறும் ஒவ்வோர் எல்லையின் இரு பக்கமும் ஒரு மதிப்பு வைத்திருந்தால் தப்பவே முடியாது.

இன்று அந்த ஃபைலில் இருப்பவை: 0, 7, 99, 999, 1000, 9999, 10000, 99999, 100000, 999999, 1000000, 9999999, 10000000. அப்படியே அத்தனைக்கும் எதிர்ம எண்கள். தசமத்தில் 0.5, மைனஸ் 0.05, கடைசிச் சுழியம் தொலையாமல் வர வேண்டிய 1234.50. பிறகு மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’, ‘நான்’ என்ற எண்ணல்லாத மதிப்பு. 14ஆம் பதிப்பு முதல் நியூமெரிக் வகையில் முடிவிலியும் உண்டென்பதால் அதுவும். கடைசியில் எழுத்தைக் கொடுத்தால் வரும் பிழை. பிழைகளும் எதிர்பார்க்கப்படும் விடைதான். சர்வர் எதை மறுக்க வேண்டும் என்பதையும் டெஸ்ட் காக்க வேண்டும்.

நல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிஎஸ்க்யூஎல் நல் மதிப்பை வெற்றிடமாகக் காட்டும். காலி எழுத்துச்சரத்தையும் வெற்றிடமாகவே காட்டும். ஃபங்ஷன் நல்லுக்குப் பதில் காலிச் சரம் தந்தால் டெஸ்ட்டுக்குத் தெரியாது. ஃபைலின் தலையிலேயே ‘\பிசெட் நல்’ கட்டளையால் நல்லுக்கு ஓர் அடையாளச் சொல் கொடுத்துவிடுங்கள்.

மாறாத விடைக்கு

நல்ல டெஸ்ட்டின் விடை நூறு முறை ஓட்டினாலும் நூறு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பத்தில் ஒரு முறை தவறும் டெஸ்ட்டை மக்கள் இரண்டே வாரத்தில் நம்புவதை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அது உண்மையான பக்கைக் காட்டினாலும் ‘திரும்ப ஓட்டிப் பார்’ என்பார்கள்.

வரிசையில் தொடங்குவோம். ‘ஆர்டர் பை’ இல்லாத குவெரி எந்த வரிசையில் வேண்டுமானாலும் வரிகளைத் தரலாம். எஸ்க்யூஎல் தரும் உரிமை அது. அப்படியானால் எல்லாக் குவெரிக்கும் ‘ஆர்டர் பை’ போட்டுவிட்டால் என்ன? போஸ்ட்கிரெஸ் குழு வேண்டுமென்றே அதைச் செய்யவில்லை. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், வரிசையாகத் தரும் பிளான்கள் (குவெரியை ஓட்டச் சர்வர் போடும் திட்டங்கள்) மட்டுமே திரும்பத் திரும்பச் சோதிக்கப்படும். மற்றவை டெஸ்ட்டின் கண்ணில் படாமலே போகும். எனவே சின்ன டேபிளில் நேராகப் படிக்கும் குவெரியை அப்படியே விடலாம். ஜாயின், ஹாஷ், குரூப் வந்தால் ‘ஆர்டர் பை’ போடுங்கள். ஒரே மதிப்பு இரண்டு வரியில் வரக்கூடும் என்றால் வரிசைக்கு இரண்டாவது காலமும் தேவை. பலர் மறப்பது இதைத்தான்.

பிளானைச் சோதிக்க அதைக் காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையைப் பயன்படுத்தினால் ‘காஸ்ட்ஸ் ஆஃப்’ கட்டாயம். மதிப்பீட்டு எண்கள் மெஷினுக்கு மெஷின் நகரும். ‘அனலைஸ்’ சேர்த்தால் ‘டைமிங் ஆஃப்’, ‘சம்மரி ஆஃப்’. 18ஆம் பதிப்பில் பஃபர் கணக்கும் தானாகவே வருவதால் ‘பஃபர்ஸ் ஆஃப்’ என்பதும். டேபிளில் டேட்டா போட்டவுடன், புள்ளிவிவரம் சேகரிக்கும் ‘அனலைஸ்’ கட்டளையை நீங்களே ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் அதைத் தானாகச் செய்யும் ஆட்டோவேக்யூம் பின்னணியில் எப்போது வரும் என்பதைப் பொறுத்துப் பிளான் மாறும். இந்த வகைத் தடுமாற்றம் உங்கள் மெஷினில் வராது. மெதுவான மெஷினில், வாரத்துக்கு ஒருமுறை, யாருக்கோ வரும்.

இன்றைய தேதி, ஓஐடி எண்கள் (சர்வர் தானாகத் தரும் உள் அடையாள எண்கள்), பிராசஸ் எண், ஃபோல்டர் பாதை எதுவும் விடையில் வரக் கூடாது. சர்வருக்குள் ஓடும் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷனில் பிழை வந்தால் அதன் சூழல் வரியில் கோடின் வரி எண் வரும். மேலே ஒரு கமென்ட் சேர்த்தாலே டெஸ்ட் உடையும். அத்தகைய இடங்களில் ‘\செட் வெர்பாசிட்டி டெர்ஸ்’ போட்டுச் செய்தியை மட்டும் வாங்குங்கள்.

சர்வரின் சொந்தத் தொகுப்பில் சேர்ப்பது

முதல் கேள்வி, புதிய ஃபைல் தேவையா என்பது. பெரும்பாலும் தேவையில்லை. ஜாயினில் ஒரு பக் திருத்தினால் ‘ஜாயின்’ டெஸ்ட்டின் கடைசியில் பத்து வரி சேர்ப்பதே முறை. முற்றிலும் புதிய வசதி என்றால் மட்டும் புதிய ஃபைல். பேரலல்_ஷெட்யூலில் பொருத்தமான குழுவில் அதன் பெயர்.

உங்களோடு அதே குழுவில் இன்னும் 19 டெஸ்ட்கள் வரை ஒரே டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மனதில் வைத்தே எழுத வேண்டும். ‘டி1’ என்று டேபிளுக்குப் பெயர் வைத்தால் இன்னொருவரின் ‘டி1’ மேல் மோதும். பொது டேபிள்களை மாற்றாதீர்கள். டென்கே1இல் ஓர் இன்டெக்ஸ் கூடுதலாகப் போட்டால் சம்பந்தமே இல்லாத டெஸ்ட்டில் பிளான் மாறும். ரோல் உருவாக்கினால் ‘ரெக்ரெஸ்_’ என்று தொடங்கி, கடைசியில் நீக்கிவிடுங்கள்.

ஆனால் டேபிள்களை எல்லாம் நீக்கிவிட வேண்டும் என்பதில்லை. புதியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஓடி முடிந்த அந்த ரெக்ரெஷன் டேட்டாபேஸ் வேறு டெஸ்ட்களுக்கு மூலப்பொருள். பிஜி_அப்கிரேட் டெஸ்ட் இதே தொகுப்பை ஓட்டி, அந்த டேட்டாபேஸை அப்கிரேட் செய்து, முன்னும் பின்னும் எடுத்த டம்ப்களை (டேட்டாபேஸின் முழு நகல்களை) ஒப்பிடுகிறது. ரெப்ளிகேஷன் டெஸ்ட் ஒன்று ஸ்டாண்ட்பை என்ற நகல் சர்வரை இணைத்த நிலையில் தொகுப்பு முழுவதையும் ஓட்டி இரு பக்கமும் ஒன்றா என்று பார்க்கிறது. ஆகவே நீங்கள் சேர்த்த வசதி டம்ப்பில் தெரியக்கூடிய ஒன்று என்றால், ஒரு மாதிரி டேபிளையாவது அழிக்காமல் விட்டுவையுங்கள். பத்து வரி டெஸ்ட்டுக்கு டம்ப், அப்கிரேட், ரெப்ளிகேஷன் மூன்றிலும் இலவசமாகக் காவல் கிடைக்கும்.

இருவர் ஒரே வரியைத் தொடும்போது

இதுவரை பார்த்தது ஒரே ஒரு செஷன், அதாவது சர்வரோடு ஓர் இணைப்பு. டேட்டாபேஸின் கடினமான பக்குகள் இரண்டு செஷன்களுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும். அதற்கான கருவி ‘எஸ்ஆர்சி/டெஸ்ட்/ஐசொலேஷன்’ ஃபோல்டரில் இருக்கிறது. 2011இல் வெளிவந்த 9.1 பதிப்பில், செஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் நிலைகளில் மிகக் கண்டிப்பான சீரியலைசபிள் உண்மையாகவே செயல்படுத்தப்பட்டபோது வந்தது.

ஒரு ஸ்பெக் ஃபைலில் முதலில் ‘செட்அப்’, ‘டியர்டவுன்’, பிறகு ஒவ்வொரு ‘செஷனு’க்கும் பெயரிட்ட ‘ஸ்டெப்’கள், கடைசியில் எந்த வரிசையில் அவற்றை ஓட்ட வேண்டும் என்ற ‘பெர்மியூட்டேஷன்’ வரிகள். கணக்குகள் டேபிளில் ஒரே வரியை இரண்டு செஷன் அப்டேட் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் செஷன் அப்டேட் செய்து, கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிப்படுத்தாமல்) நிற்கிறது. இரண்டாவது செஷனின் அப்டேட் அந்த வரியின் பூட்டு திறப்பதற்காகக் காத்திருக்கும். விடை ஃபைலில் அந்த ஸ்டெப்புக்குப் பக்கத்தில் ‘வெயிட்டிங்’ என்று பதிவாகும். முதலாவது கமிட் செய்ததும் காத்திருந்தது முடிவுக்கு வரும். ரீட் கமிட்டட் நிலையில் அது புதிய மதிப்பை எடுத்துக்கொண்டு தன் கணக்கைத் தொடரும். ரிப்பீட்டபிள் ரீடில், ஒரே நேரத்து அப்டேட்டால் சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்ற பிழை வரும். இரண்டையும் இரண்டு டெஸ்ட்டாக எழுதிப் பாருங்கள். இந்த நிலைகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் கிடைக்காத தெளிவு அந்த விடை ஃபைலைப் படிக்கும்போது கிடைக்கும்.

பெர்மியூட்டேஷன் வரி எழுதாவிட்டால் கருவி சாத்தியமான எல்லா வரிசைகளையும் ஓட்டும். இரண்டு செஷனுக்கு மூன்று ஸ்டெப் வீதம் என்றால் 20 வரிசை, படித்துவிடலாம். மூன்று செஷனுக்கு மூன்று வீதம் என்றால் 1680. யாரும் படிக்கப் போவதில்லை. தேவையானவற்றை நீங்களே தேர்ந்தெழுதுங்கள்.

சர்வரையே நிறுத்த வேண்டியிருந்தால்

கிராஷ், ரெப்ளிகேஷன், பேக்அப் போன்றவற்றுக்கு எஸ்க்யூஎல் ஃபைல் போதாது. இவை பெர்லில் எழுதும் டேப் டெஸ்ட்கள். ‘டி’ என்ற ஃபோல்டரில் 001, 002 என்று எண்ணிட்டு இருக்கும். ஐபிசி-ரன் என்ற பெர்ல் மாட்யூல் தேவை. கிளஸ்டர் மாட்யூலைக் கொண்டு ஒரு நோடை (தனி டெஸ்ட் சர்வரை) உருவாக்கி, ‘இனிட்’, ‘ஸ்டார்ட்’, ‘சேஃப்_பிஎஸ்க்யூஎல்’ என்று அழைக்கலாம். ‘ஸ்டாப்’புக்கு ‘இம்மீடியட்’ கொடுத்தால் கிராஷ் ஆனதற்குச் சமம்; திரும்பக் கிளப்பி, கமிட் செய்த வரி இருக்கிறதா, கமிட் செய்யாதது போய்விட்டதா என்று பாருங்கள். ‘ஸ்லீப்’ மட்டும் எழுதாதீர்கள். இரண்டு நொடி உங்கள் மெஷினுக்குப் போதும், பழைய மெஷினுக்குப் போதாது. ‘போல்_குவெரி_அன்டில்’, ‘வெயிட்_ஃபார்_கேட்ச்அப்’ போன்றவை நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கும்; வழக்கமான உச்சவரம்பு 180 நொடி.

எஸ்எஸ்எல், எல்டாப், கெர்பரோஸ் டெஸ்ட்கள் இயல்பாக ஓடாது. அவை பலர் பகிரும் மெஷினில் பாதுகாப்பில்லாத போர்ட்களைத் திறக்கும் என்பதால் ‘பிஜி_டெஸ்ட்_எக்ஸ்ட்ரா’வில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

உங்கள் திருத்தத்தை மட்டும் பின்வாங்கிவிட்டு, புதிய டெஸ்ட்டை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். ஃபெயில் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் அந்த டெஸ்ட் நீங்கள் நினைத்த பாதையைத் தொடவே இல்லை. இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் எழுதிய டெஸ்ட்களில் ஐந்தில் ஒன்றையாவது இதுதான் திருத்த வைத்திருக்கிறது.

அடுத்து ‘--எனேபிள்-கவரேஜ்’ போட்டு பில்ட் செய்து, டெஸ்ட் ஓட்டி, ‘மேக் கவரேஜ்-ஹெச்டிஎம்எல்’ கொடுங்கள். எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று நிறத்தோடு தெரியும். நீங்கள் எழுதிய ‘எல்ஸ்’ கிளையோ பிழை சொல்லும் வரியோ சிவப்பாக இருந்தால் அதற்கொரு மதிப்பைத் தேடுங்கள். பச்சை என்பது ஓடியது என்று மட்டுமே சொல்லும், விடை சரி என்று சொல்லாது. என் ‘-,500’ வரியும் பச்சையாகத்தான் இருந்தது.

கடைசியாக ‘மேக் செக்-வேர்ல்ட்’. முக்கியத் தொகுப்பு, ஐசொலேஷன், டேப், சோர்ஸோடு வரும் எக்ஸ்டென்ஷன்களான கான்ட்ரிப் எல்லாவற்றையும் ஓட்டும். ‘-ஜே8’ சேர்த்தால் நேரம் மிச்சம். அதுவும் பாஸ் ஆகி, பேட்ச் சேர்க்கப்பட்ட பிறகும் சில நாட்கள் பில்ட்ஃபார்மைத் திறந்து பார்த்துக்கொண்டிருங்கள். 2004 முதல் தன்னார்வலர்களின் மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு விலங்கின் பெயரோடு, புதிய கோடை எடுத்து பில்ட் செய்து ஓட்டி முடிவைப் பதிகின்றன. வேறு பிராசஸர், வேறு கம்பைலர், பழைய லினக்ஸ், விண்டோஸ், பிஎஸ்டி. உங்கள் லேப்டாப்பில் இல்லாத ஒரு விலங்கு சிவப்பாக மாறினால் அதன் டிஃப்பைத் திறந்து, மேலிருந்து முதல் வேறுபாட்டைப் படியுங்கள்.